வெக்கை எந்த வழியால் வருகிறது?

தகரக் கூரை போட்ட இடம் ஒன்று உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கட்டாயம் இருக்கும். மாட்டுக் கொட்டில், சைக்கிள் விடும் கொட்டகை, ரியூசன் கொட்டில் என்று ஏதாவது ஒன்று. சித்திரை மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் பன்னிரண்டரைக்கு அதுக்குள்ளே போய் நில்லுங்கோ. உச்சந்தலை சுடும். இப்போது கையிலிருக்கும் கொப்பியை விரித்துத் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடியுங்கோ. தலையில் முட்டக்கூடாது. சூடு டக்கென்று நின்றுவிடும். கொப்பியை எடுத்தால் திரும்பவும் சுடும்.

கொப்பியைப் பிடித்த அந்த ஒரு கணத்துக்குள் கொட்டிலில் இருந்த காற்று முழுக்கக் குளிர்ந்திருக்க முடியுமா? முடியாது. காற்று இருந்தபடியேதான் இருக்கிறது. அப்படியென்றால் உங்கள் தலையைச் சுட்டது காற்று இல்லை. கூரைத் தகரமே நேராகச் சுட்டிருக்கிறது.

வெப்பம் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக மூன்று வழிகள் உண்டு என்று விஞ்ஞானப் பாடத்தில் படித்திருப்பீர்கள்: கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல். சோதனைக்குப் பாடமாக்கிவிட்டு மறந்துபோகிற மூன்று சொற்கள் இவை. ஆனால் வீட்டைக் குளிர்மையாக வைத்திருக்க என்ன பொருள் வாங்குவது என்ற கேள்விக்கு விடையே இந்த மூன்றுக்குள்தான் இருக்கிறது. வெக்கை எந்த வழியால் வருகிறது என்று தெரிந்தால்தானே அந்த வழியை அடைக்கலாம்?

கொட்டிலுக்குள் திரும்பவும் போவோம். நல்ல வெயிலில் பழைய தகரம் 60 பாகை செல்சியஸையும் தாண்டிச் சுடும். அதன் அடிப்பக்கத்தைத் தொடும் காற்றும் சூடாகும். ஆனால் சூடான காற்று பாரம் குறைந்தது, மேலேதான் நிற்கும், தானாகக் கீழே இறங்காது. ஆகவே மேற்காவுகையால் உங்கள் தலைக்கு வெப்பம் வர வழியில்லை. (மின்விசிறியைப் போட்டுப் பாருங்கோ. மேலே சும்மா நின்ற சுடுகாற்றை அதுதான் இழுத்து உங்கள் முகத்தில் அடிக்கும்!) நீங்கள் கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கவில்லை, அதனால் கடத்தலும் இல்லை. மிஞ்சுவது கதிர்வீசல். சூடான எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத கதிர்களை எல்லாத் திசையிலும் வீசிக்கொண்டே இருக்கும். அந்தக் கதிருக்குக் காற்றுத் துணை தேவையில்லை. நேராக வரும், பட்ட இடத்தைச் சுடும். குறுக்கே ஒரு கொப்பி வந்தால் அதோடு நின்றுவிடும்.

அடுத்த கேள்வி, கூரைக்கு ஏன் இவ்வளவு சூடு?

யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஏறக்குறைய 9 பாகை 40 கலையில் இருக்கிறது. சூரியன் வருடத்தில் இரண்டு முறை எங்கள் உச்சிக்கு நேர் மேலே வரும். முதல் முறை சித்திரை வருடப் பிறப்பை ஒட்டி, ஏப்ரல் நடுப்பகுதியில். இரண்டாவது முறை ஆவணியில், ஓகஸ்ட் மாதக் கடைசியில். முற்றத்தில் ஒரு தடியை நேராக நட்டு வைத்தால், அந்த நாளின் உச்சிப் பொழுதில் நிழல் தடியின் அடிக்குள்ளேயே அடங்கிவிடும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்த பிறகும்கூட, மத்தியானத்தில் அது அடிவானிலிருந்து 57 பாகை உயரத்தில் நிற்கும். அதாவது வருடம் முழுவதும் வெயிலில் பெரும் பங்கை வாங்குவது எங்கள் கூரைதான். முகில் இல்லாத மத்தியானத்தில் ஒரு சதுர மீற்றர் கூரையில் ஏறத்தாழ 1000 வாற்று சக்தி விழும். பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றின் கூரைக்கு அது 9000 வாற்றுக்கு மேல்.

கனடாவில் ரொறன்ரோவில் இருக்கும் மாமா, பெரியம்மா வீடுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே மார்கழி மத்தியானத்தில் சூரியன் 23 பாகை உயரம்கூட ஏறாது. வெளியே உறைகுளிர், உள்ளே சூடாக்கி ஓடுகிறது. அங்கே வெப்பம் வீட்டிலிருந்து வெளியே ஓடப் பார்க்கும், எல்லாச் சுவராலும் ஓடப் பார்க்கும். ஆகவே சுவர்ப் பலகைகளுக்கு நடுவே கண்ணாடி நாரை மெத்தை மெத்தையாக அடைத்து, கதவு யன்னல் இடுக்குகளையும் மூடுகிறார்கள். அவர்கள் வீட்டுக்குத் தேவை கம்பளிச் சட்டை. எங்கள் வீட்டுக்குத் தேவை குடை. குடை பிடிக்க வேண்டிய ஊரில் கம்பளிச் சட்டையை விற்க வந்தால் யோசித்துத்தான் வாங்க வேண்டும். ஏனென்றால் வீட்டுக்குள் நாங்களும் இருக்கிறோமே. சும்மா இருக்கும் பெரிய ஆள் ஒருவரின் உடம்பே ஏறத்தாழ 100 வாற்று வெப்பத்தை வெளிவிடுகிறது. அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, மின்குமிழ் எல்லாம் வேறு. எல்லாப் பக்கமும் இறுக்கி மூடினால் அந்த வெப்பம் எங்கே போகும்? சோளகக் காற்று வீசும்போது யன்னலைத் திறந்து வைப்பதுதான் எங்கள் ஊர் வழக்கம்.

இதெல்லாம் எங்கள் பூட்டனார், பூட்டியார் காலத்து ஆட்களுக்குக் கணக்குப் போட்டுத் தெரிந்திருக்காது. ஆனால் அவர்கள் வேய்ந்த கூரையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் விஞ்ஞானம் அப்படியே தெரியும். கொடிகாமம், பளைப் பக்கம் தென்னை நிறைய, அதனால் கிடுகு. மற்ற இடங்களில் பனையோலை. பச்சை ஓலையை வெட்டி, மிதித்துத் தட்டையாக்கி, அடுக்கி வைத்துக் காயவிட்டு, பிறகு ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்கி வைத்துக் கட்டுவார்கள். ஓலைக் கூரை ஒன்றின் ஓரத்தைக் குனிந்து பாருங்கோ. ஓலைக்கும் ஓலைக்கும் நடுவே விரல்கூட நுழையாத சின்னச் சின்ன இடைவெளிகள் இருக்கும். ஓலையின் மடிப்புகளுக்குள்ளும் அப்படித்தான். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் காற்று அகப்பட்டு அசையாமல் நிற்கிறது.

அசையாத காற்று இருக்கிறதே, அதுதான் உலகத்தில் மிக மலிவான வெப்பக் காவலி. இரும்பு அதைவிட ஏறத்தாழ 2000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். கொங்கிறீற்றும் ஐம்பது மடங்குக்குக் குறையாது. தண்ணீர் இருபது மடங்குக்கு மேல். கண்ணாடி நார், றெஜிபோம், தும்பு, பஞ்சு, கோழி இறகு என்று எதை எடுத்தாலும் உண்மையில் வேலை செய்வது அவற்றுக்குள் அகப்பட்ட காற்றுத்தான். நாரும் நுரையும் செய்வது காற்றை அசையவிடாமல் பிடித்து வைப்பது மட்டுமே. அமெரிக்காவில் பிறந்த றம்பர்ட் பிரபு என்ற விஞ்ஞானி இறகு, உரோமம், பட்டு, பஞ்சு எல்லாவற்றையும் வைத்துப் பரிசோதித்து, அகப்பட்ட காற்றுத்தான் சூட்டைத் தடுக்கிறது என்று 1792ஆம் ஆண்டு எழுதினார்.

ஓலைக் கூரையின் மேல் ஓலை வெயிலில் நன்றாகச் சுடும். ஆனால் அடுத்த ஓலைக்கு அந்தச் சூடு போவதற்குள் நடுவே காற்று. அதற்கடுத்த ஓலைக்கும் அப்படித்தான். கடைசி ஓலைக்கு வரும்போது சூடு பெரும்பாலும் தீர்ந்துவிடும். அடி ஓலை சுடாததால் அது உங்கள் தலையில் கதிர்வீசுவதும் இல்லை. இத்தனைக்கும் ஓலைக் கூரை பாரம் குறைந்தது. வெயில் தாழ்ந்ததும் அதுவும் சேர்ந்து குளிர்ந்துவிடும்.

அதற்காக எல்லோரும் ஓலை வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதிதாக வேய வேண்டும். ஒரு நெருப்புப் பொறி போதும், வீடே போய்விடும். எலியும் பூரானும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும். இப்போது உல்லாச விடுதிக்காரர் ஓலைக் கூரையைப் போட்டுப் பணம் பார்க்கிறார்கள். அவர்களுக்கு வேய ஆளும் காசும் இருக்கிறது.

ஓட்டுக்கு வருவோம். இந்தியாவில் மங்களூரில் 1865ஆம் ஆண்டு பாசல் மிசன் என்ற கிறிஸ்தவ மிசன்காரர் தொடங்கிய தொழிற்சாலை மாதிரியில் வந்த தட்டை ஓடுகள்தான் பிறகு கடல் தாண்டி எங்கள் ஊருக்கும் வந்தன. அதற்கு முந்தியது வளைந்த பீலி ஓடு. சுட்ட மண் வெப்பத்தை ஓரளவு கடத்தும், அதுவொன்றும் பெரிய காவலி அல்ல. ஆனால் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே இருக்கும் சந்துகளால் சுடுகாற்று வெளியே போய்விடும். கூரையும் உயரம். பழைய நாற்சார் வீடுகளில் நடுமுற்றம் வேறு திறந்து கிடக்கும். அங்கே கடத்தலை அடைக்கவில்லை, மேற்காவுகைக்கு வாசல் வைத்தார்கள். ஒன்றரை அடி, இரண்டு அடிக் கல்லுச் சுவரும் அதற்குத் துணை.

சுவர் மொத்தமாக இருந்தால் குளிர்மை, அப்படியென்றால் மொத்தமான கொங்கிறீற்றுக் கூரையும் குளிர்மையாக இருக்க வேண்டுமே? பிளாற் போட்ட வீட்டில் படுத்தவர்களைக் கேளுங்கோ. இரவு பத்து மணிக்கும் மேலேயிருந்து வெக்கை இறங்கும். காலையில் வெறுங்காலோடு மேலே ஏறினால் சுகமாக இருக்கும், பின்னேரம் கால் வைக்க முடியாது. கொங்கிறீற்று வெப்பத்தைத் தடுப்பதில்லை, வாங்கிச் சேமித்து வைக்கிறது. பகல் முழுக்க வாங்கிய சூடு அதன் தடிப்பைக் கடந்து அடிப்பக்கம் வந்து சேர சில மணித்தியாலங்கள் எடுக்கும். அதனால்தான் மத்தியானம் பரவாயில்லாமல் இருந்த அறை, படுக்கப் போகும் நேரத்தில் வேகும். பழைய கல்லுச் சுவருக்கு இறவாரமும் விறாந்தையும் நிழல் கொடுத்தன. பிளாற்றுக்கு நிழல் கொடுக்க யார் இருக்கிறார்கள்? வெப்பத்தைச் சேமிப்பது வேறு, தடுப்பது வேறு. வீடு கட்டுகிற பெரிய ஆட்களும் இந்த இடத்தில் தடுமாறுவார்கள்.

இரவில் தகரம் இதற்கு நேர்மாறு. மெல்லிசு, சேமிக்க இடமில்லை. சூரியன் போன கையோடு அது வானத்தைப் பார்த்துக் கதிர்வீசத் தொடங்கும். தை மாதத்தில் முகில் இல்லாத இரவுகளில் சுற்றியிருக்கும் காற்றையும்விடக் குளிர்ந்து போகும். விடியற்காலையில் தகரத்தின் அடிப்பக்கத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவது அதனால்தான். மழை இல்லை, ஓட்டை இல்லை. காற்றிலிருந்த நீராவி குளிர்ந்த தகரத்தில் பட்டு ஒடுங்கியது.

இரும்பு வீடு பற்றி ஒரு பெரிய வாக்குவாதமே எங்கள் பக்கம் நடந்தது. 2016ஆம் ஆண்டு, போரில் வீடிழந்த வடக்கு கிழக்கு மக்களுக்கு 65,000 வீடுகள் கட்டித் தர அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டு வந்தது. தொழிற்சாலையில் செய்த உருக்குப் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி நிறுத்தும் வீடுகள். பத்திரிகைகள் அதற்கு வைத்த பெயர் பொருத்து வீடு. ஒன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாய். அந்தக் காசுக்கு இரண்டு கல்வீடு கட்டலாமே என்று ஒரு பக்கம் கேட்டார்கள். இந்த வெயிலுக்கு இரும்பு வீடா என்று இன்னொரு பக்கம் கேட்டார்கள். உப்புக் காற்றில் எத்தனை வருடம் நிற்கும், பிறகு ஓர் அறை கூட்டிக் கட்டலாமா என்ற கேள்விகளும் எழுந்தன. அந்த 65,000 வீட்டுத் திட்டம் நிறைவேறவில்லை.

நீதியாகச் சொன்னால், இரும்பு என்ற ஒரே காரணத்துக்காக ஒரு வீடு வேகும் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டு தகட்டுக்கு நடுவே என்ன அடைத்திருக்கிறது, எவ்வளவு தடிப்பு, கூரைக்கு அடியில் காற்றுப் போக வழி உண்டா என்று கேட்க வேண்டும். உலகம் முழுவதும் மீன் வைக்கும் குளிர் அறைகளுக்குத் தகட்டுக்கு நடுவே நுரை வைத்த சுவர்கள்தான். ஆனால் வெக்கையைப் பற்றிக் கேட்ட சனங்கள் கேட்டது சரியான கேள்வி. தகரக் கொட்டிலில் வருடக்கணக்காக இருந்து பார்த்தவர்கள் அவர்கள்.

சரி, கூரைக்கு என்ன செய்யலாம்?

காசு மிகக் குறைந்த வழி வெள்ளை அடிப்பது. வெள்ளைப் பூச்சு, விழும் வெயிலில் பெரும் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். பிளாற்றுக்குச் சுண்ணாம்பே போதும். தகரத்துக்கு மட்டும் சுண்ணாம்பு அடிக்க வேண்டாம், அது நாகப் பூச்சை அரித்துவிடும். அதற்கு வெள்ளைப் பெயின்றுதான் சரி. இந்தியாவில் தெலங்கானா மாநிலம் இப்படிக் குளிர்கூரை போடுவதற்கென்றே 2023இல் ஒரு கொள்கை கொண்டுவந்தது. எங்கள் ஊரில் ஒரு சிக்கல் உண்டு: ஐப்பசி, கார்த்திகை மழையில் பாசி பிடித்துக் கறுத்துவிடும். மாசி, பங்குனியில் கழுவித் திரும்ப அடித்தால்தான் சித்திரை வெயிலுக்கு உதவும்.

இரண்டாவது, கூரைக்கு அடியில் அலுமினியத் தாள். இது எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் கொஞ்சம் மந்திரம் மாதிரி இருக்கும். துருப்பிடித்த தகரமும் பளபளக்கும் அலுமினியமும் ஒரே அளவு சூடாக இருந்தாலும், அலுமினியம் வீசும் வெப்பக் கதிர் தகரம் வீசுவதில் இருபதில் ஒரு பங்குக்குப் பக்கமாகத்தான் இருக்கும். தாள் கடதாசியைவிட மெல்லிசாக இருந்தாலும் பரவாயில்லை, மேற்பரப்புத்தான் கணக்கு. பளபளப்பான பக்கம் கீழே பார்க்க, தாளுக்கும் கூரைக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். மேலே பார்க்க வைத்தால் தூசி படிந்து பளபளப்புப் போய்விடும். இரண்டு பக்கமும் பலகையோடு ஒட்டி நசுக்கினால் ஒரு பயனும் இல்லை. கதிர்வீசல் நடக்க வெறும் இடம் இருந்தால்தானே அதைத் தடுக்கலாம்? மேலே வெள்ளை, அடியில் பளபளப்பு. மாற்றிப் போட்டால் அவ்வளவு நல்லதல்ல. ஏனென்றால் வெள்ளைப் பூச்சு வெயிலைத் திருப்புவதோடு, தன் சூட்டையும் வானத்துக்கு வீசி ஆறிவிடும். பளபளக்கும் உலோகத்துக்கு அப்படி வீசத் தெரியாது.

றெஜிபோம், கண்ணாடி நார், தும்புப் பலகை எல்லாம் மூன்றாவது வகை. கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே வைத்தால் நன்றாக வேலை செய்யும். ஆனால் றெஜிபோம் எரிந்தால் நச்சுப்புகை வரும், எலியும் எறும்பும் துளைக்கும். கண்ணாடி நாரைக் கையால் தொட்டால் சொறியும். எதுவானாலும் ஒழுகும் கூரைக்கு அடியில் வைக்கக் கூடாது. நனைந்தால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் நிற்கும், காவலி கடத்தியாகிவிடும். முதலில் ஒழுக்கை அடைக்க வேண்டும், பிறகுதான் காவலி வாங்கும் கதை. சீலிங் அடித்தாலும் முகட்டுப் பக்கச் சுவரில் சுடுகாற்று போக ஓட்டை விடுவது நல்லது. வௌவால் வராமல் ஒரு கம்பி வலை.

அஸ்பெஸ்ரோஸ் சீற் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. எங்கள் வீடுகளில் பாதிக் கூரை அதுதான் போலிருக்கிறது. சும்மா கிடக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. அதை உடைத்தால், அறுத்தால், துளைத்தால், பாசியை உரஞ்சித் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத நார்கள் பறக்கும். மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோய் வரலாம். உடைந்த துண்டை எடுத்து விளையாடாதேயுங்கோ, நிலத்தில் கோடு போடாதேயுங்கோ. இலங்கையில் இதைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக அரசாங்கம் அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்தது என்று சொல்லி எங்கள் தேயிலையைத் தடுத்தது. உலகில் பெருமளவு அஸ்பெஸ்ரோஸ் தோண்டும் நாடு ரஷ்யா. சில நாளில் தேயிலைத் தடை நீங்கியது, அஸ்பெஸ்ரோஸ் தடையும் பின்போடப்பட்டது. வண்டுக்கும் கூரைக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது பலர் கேட்டார்கள்.

இனி உங்கள் வேலை. ஒரே அளவான நான்கு சப்பாத்துப் பெட்டி, நான்கு பிஸ்கற் ரின் மூடி தேடுங்கோ. மூடிகள்தான் கூரை. ஒன்றை அப்படியே வையுங்கோ. ஒன்றுக்கு மேலே வெள்ளைப் பெயின்ற் அடியுங்கோ. ஒன்றின் மேல் காய்ந்த ஓலைத் துண்டுகளை நான்கைந்து அடுக்காகப் பரப்புங்கோ. நான்காவது பெட்டியின் வாயில் சமையலுக்கு விற்கும் அலுமினியத் தாளை இழுத்து ஒட்டி, அதன் மேல் இரண்டு பென்சில் வைத்து, பென்சிலுக்கு மேலே மூடி. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சின்னத் தட்டில் ஒரே அளவு ஐஸ்கட்டி. பதினொன்றரைக்கு நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வெயிலில் வைத்து, எது எப்போது உருகி முடிகிறது என்று பாருங்கோ. அடிக்கடி திறந்து பார்த்தால் கணக்குப் பிழைக்கும், கால் மணித்தியாலத்துக்கு ஒரு முறை போதும். மூடியைச் சேலைத் துண்டால் பிடியுங்கோ, சுடும். நடுவில் முகில் மூடினால் அன்றைய கணக்கை விட்டுவிட்டு அடுத்த நாள் முதலிலிருந்து தொடங்குங்கோ.